மருந்து வைத்த வாத்தியார்

ஆங்கிலப் பேசும்படம் ஒன்று எங்கள் பட்டினத்துக் கொட்டகைக்கு வந்தது. பழைய மேடை நாடகம் ஒன்றைப் படமாக்கியிருந்தார்கள். காட்டில் உறங்குகிறவர்களின் கண்ணில் ஒரு பூச்சாற்றைப் பிழிவார்கள். விழித்ததும் முதலில் எதிர்ப்படுகிறவர்மேல் மையல் வந்துவிடும். சனத்துக்குக் கதை விளங்கவேண்டுமே என்று, பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்த என்னைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்ன, நானேதான் போய் நின்றேன்.

காரணம் இருந்தது. எனக்குப் பேசியிருந்த பெண்ணும் அவள் தாயும் நாவற்குடாவிலிருந்து வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளை நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தவன் நான். அவளோ என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இன்றைக்காவது பார்க்கட்டும் என்றுதான் இந்தக் கூத்து.

தொண்டை கிழிய விளக்கினேன். கழுதைத் தலை முளைத்தவனிடம் ராணி மயங்குகிற இடத்தில், "வாத்தியார், உங்கட படத்தையும் எடுத்துப்போட்டாங்களோ?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது. எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"பூச்சாறு என்ன பெரிய சாறு! நம்மட ஊர் வசிய மருந்து வெச்சா, வந்தவன் ஊர் திரும்பாம பாயோட ஒட்டிப்போவான். அந்த மருந்து எனக்கும் தெரியும், கவனம்!" என்றேன். கைதட்டல் தகரக் கூரையைப் பிய்த்தது. தவளை தன் வாயால்தானே கெடும்.

மறுநாள் காலையே அவள் தாய், எனக்கு வரப்போகிற மாமி, மகளை நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். "எண்ட புள்ளைக்கு வாத்தி மருந்து வெச்சிட்டான். இல்லாட்டி இந்த மூஞ்சிக்கு இவள் ஏன் ஓம் எண்டு சொன்னவள்?" என்று ஒரே அழுகையாம். மருந்து வைத்தது உண்மையானால் கலியாணம் இல்லை என்று எனக்கு ஆள்விட்டார்கள். பதறிக்கொண்டு ஓடினேன். அதற்குள் பரிசாரி முறிமருந்து கொடுக்க, பாவம், அவள் குடல் வெளியே வருமளவுக்குச் சத்தியெடுத்து முடித்திருந்தாள். என்னை அவளுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

"என்னகா மகள், இப்ப இவரைப் பார்க்க எப்பிடி இருக்கு?" என்று பரிசாரி கேட்டார்.

அவள் என்னை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள். "முந்தியும் ஒண்டும் இருக்கல்ல. இப்பவும் ஒண்டுமில்ல."

மாமிக்குப் போன உயிர் வந்தது. மருந்தில்லை, மாப்பிள்ளை சுத்தம், கலியாணத்தை நடத்தலாம்! எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிபோனேன். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, கொட்டகையில் வாங்கிய கைதட்டலைப் பற்றி அவளிடம் பெருமையடித்தேன். அவள் என் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீங்க அண்டைக்கு உண்மையாவே மருந்து வெச்சிருந்தா, எனக்கு எவ்வளவு லேசா இருந்திருக்கும்" என்றாள்.