குடிகாரன் வேடத்தில் நான்

முதல் நாள் ஒத்திகைக்கு வாத்தியார் வேடம் கேட்டுத்தான் போனேன். நாடகக் குழுவை நடத்திய றொபேட் சேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்கட முகத்தில ஒரு குடிவெறி இருக்கு. அது பழகி வராது."

நான் சாராயத்தை வாயில் வைத்ததே இல்லை என்றேன்.

"அப்ப இன்னும் திறம். நிதானமாய் நடிப்பீங்கள்."

எங்களுடையது விழிப்புணர்வு நாடகக் குழு. தொண்டு நிறுவனங்கள் தலைப்பைத் தரும். விடத்தல்தீவு, தோட்டவெளி என்று ஊர் ஊராகப் போய் நடிப்போம். தலைப்பு மாறும், குடிகாரன் மாறமாட்டான். டெங்கு நாடகத்தில் நுளம்பு என் போத்தலுக்குள் முட்டையிட்டது. கண்ணிவெடி நாடகத்தில் எச்சரிக்கைக் கயிற்றைத் தாண்டிப் போனவன் நான். கைகழுவும் நாடகத்தில் சவர்க்காரத்தை விற்றுக் குடித்தேன்.

பெயர் பரவியது. கலியாண வீடுகளில் என்னைக் கண்டதும் போத்தல்கள் இருக்கும் அறையைப் பூட்டுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

எனக்குச் சீனி வருத்தம். ஒருநாள் இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நானாட்டான் சந்தைக்குப் போனேன். கால் தடுமாறியது, நாக்குக் குழறியது. விழுந்தேன். சனம் வட்டமாய்க் கூடியது. "சீனி" என்று சொல்லிப் பார்த்தேன். யாரோ கைதட்டினார்கள்.

"இது என்ன தலைப்பு?"

"பொறுங்கோ, கடைசியில ஒரு மிஸ் வந்து விளங்கப்படுத்துவா."

மரக்கறி விற்கும் புஷ்பம்தான் கூட்டத்தை விலக்கி வந்து, இனிப்புச் சோடாவைப் பருக்கி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன்.

"நாடகத்தில நீங்கள் சனத்தைப் பாத்துத்தான் விழுவீங்கள் அண்ணை. அண்டைக்கு முதுகைக் காட்டி விழுந்தனீங்கள்."

றொபேட் சேர் தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அடுத்த தலைப்பு சீனி வருத்தமாம்.

"நோயாளியாய் நான் நடிக்கிறன்" என்றேன்.

"அதுக்கு வேற ஆள் எடுத்திட்டம். உங்களுக்கு நோயாளி முகம் இல்லை. நீங்கள் பக்கத்து வீட்டுக் குடிகாரன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நடிக்காமல் இருக்க என்னால் முடியாது. ஒரு நிபந்தனை வைத்தேன்: மயங்கும் நோயாளிக்குக் குடிகாரன்தான் சோடா கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். அரை மனதோடு சம்மதித்தார்.

நானாட்டானிலேயே மேடையேற்றினோம். நோயாளி மயங்கிச் சரிந்தான். நான் ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்து, சோடாவை வாயருகே கொண்டுபோனேன். முன்வரிசையிலிருந்து ஒரு ஐயா எழுந்து நின்றார்.

"குடிக்காதை தம்பி. அவன் தாறது சாராயம்."

நடிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு வேடத்தை நன்றாக நடித்தால் ஊர் நம்பிவிடும். பிறகு எடுத்துச் சொல்லித் திருத்த முடியாது. சட்டைப்பைக்குள் இரண்டு இனிப்பு டொபியாவது வைத்திருங்கள்.