கவினின் ஏழரை கிலோ

அங்கன்வாடி டீச்சர் என்றால் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, முட்டை உரித்துக்கொடுத்து, பிள்ளைகளைத் தூங்கவைக்கிறவள் என்று ஊரில் ஒரு நினைப்பு; நிஜத்தில் நாங்கள் எடை போடுகிறவர்கள். தராசும் கையுமாக அலையும் சக டீச்சர்களே, மன்னார்குடிப் பக்கத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

அசையாத எண்

நடவு வேலைக்குப் போகும் செல்வியின் மகன் கவினுக்கு ஒன்றே முக்கால் வயது. மூன்று மாதமாக எடை ஏழரை கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏழரை என்றாலே நம்மூரில் சனிதான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வளர்ச்சி அட்டையில் அந்த வயதுக்கு அது சிவப்புக் கட்டம். கவனிக்காமல் விட்டால் பிள்ளை கைமீறிப் போய்விடும். மாதாமாதம் நான் அதைச் செல்போனில் ஏற்றி அனுப்புவேன்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் மேடம் வந்தார். நல்ல மனுஷிதான், சந்தேகம் மட்டும் கொஞ்சம் தூக்கல். மூன்று மாதமும் ஒரே எண்ணைப் பார்த்ததும், நான் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிட்டேன் என்று முடிவுகட்டிவிட்டார். "ஏன் டீச்சர், தராசுல புள்ளைய வச்சுப் பாத்தீங்களா, இல்ல போன மாசத்து நோட்டைப் பாத்தீங்களா?"

நெல்லோடு நெல்லாக

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருவேளை தராசுதான் கெட்டுப்போச்சோ என்றும் ஒரு நப்பாசை. செல்வியின் மாமனாரிடம் கேட்டுக் கவினைத் தூக்கிக்கொண்டு நேரே நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். குறுவை நெல் மலைமலையாகக் கிடந்தது. சாக்கு தூக்கும் அண்ணன் ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு, பிள்ளையை எடை மேடையில் உட்காரவைத்தார்.

ஏழரையேதான். தராசு பொய் சொல்லவில்லை, பிள்ளைதான் வளரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவின் அதற்குள் மேடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். அந்த அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லை, ஈர நெல்லைத் திருப்பி அனுப்புகிற அதே தோரணை. "எடை சரிதான் டீச்சர், ஈரப்பதம்தான் கூடப்போச்சு. ஒரு வெயில் காயவச்சு எடுத்துட்டு வாங்க."

சத்துமாவு போன வழி

பிள்ளையை விடப் போனவள் அப்படியே வீட்டை ஒரு நோட்டம் விட்டேன். கொல்லையில் ஓர் ஆடு. என்ன மினுமினுப்பு! அதன் முன்னால் இருந்த சட்டியில் கரைத்திருந்தது நான் கவினுக்காகக் கொடுத்தனுப்பிய சத்துமாவு. பகலெல்லாம் பிள்ளையையும் ஆட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர் செல்வியின் மாமனார். பிடிபட்டுவிட்டோமே என்ற கூச்சம் அவரிடம் மருந்துக்கும் இல்லை. பொறுமையாக எனக்கே பாடம் எடுத்தார். "ஆடு குட்டி போட்டுருக்கு டீச்சர். அது தின்னாத்தான் பால் சுரக்கும். பாலு யாருக்கு? புள்ளைக்குத்தானே. எப்படி சுத்துனாலும் நம்ம வீட்டுக்குள்ளதான் வருது."

செல்வியின் இடம்

செல்வியையும் கவினையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, இனி மாவு மட்டும் போதாது, தாயும் பிள்ளையும் பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் தங்கவேண்டும் என்றார். செல்வி மாட்டவே மாட்டேன் என்றாள். குறுவை அறுத்த வயல்களில் தாளடி நடவு சூடுபிடித்திருந்த நேரம். நடுவில் விட்டுப் போனால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும், அடுத்த பட்டத்துக்கும் கூப்பிடமாட்டார்கள். அவள் பயத்தில் நியாயம் இருந்தது. 

மறுநாள் வயலுக்கே போய், நடவு ஆட்களைச் சேர்த்து அழைத்துப்போகும் ராசாத்தி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்த தலை நிமிராமல், கையிலிருந்த நாற்றை நட்டு முடித்தார். பிறகுதான் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த செல்வியைப் பார்த்தார். "உன் இடத்துல எவளும் வந்து நிக்கமாட்டா. நாங்க ஆளுக்கு ரெண்டு குத்து கூட நட்டுக்கிறோம். நீ மொதல்ல கரையேறு."

புகார்

பதினைந்தாம் நாள் திரும்பி வந்தார்கள். எட்டு கிலோ நானூறு. சிவப்பைத் தாண்டி மஞ்சளில் கால் வைத்திருக்கிறான், பச்சைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. சந்தோஷத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் செல்வி வயலில் இருந்து சேறும் காலுமாக மையத்துக்கு வந்து நின்றாள். இடுப்பில் கவின். அவன் கையில் யாருடைய வயலிலோ பிடுங்கிய நாற்று. மூச்சு வாங்கக் கத்தினாள். "அங்க என்னத்த டீச்சர் குடுத்தாங்க இவனுக்கு? முன்னெல்லாம் வரப்புல ஒக்கார வச்சா வச்ச எடத்துல கெடப்பான். இப்ப நாங்க நட நட பின்னாலயே வந்து புடுங்குறான். காலைலேருந்து நட்டதுல பாதி போச்சு. நீங்களே வச்சுக்கங்க இவன."

இத்தனை வருட வேலையில் என்மேல் எத்தனையோ புகார் வந்திருக்கிறது, ஆனால் சூப்பர்வைசர் மேடத்துக்கு நானே போன் போட்டுச் சொன்ன புகார் இது ஒன்றுதான்.