காய்ச்சலை ஒளித்து வைத்த மாரீஸ்வரி

தாராவியில் பை தைக்கும் பட்டறைகளில் மாரீஸ்வரியைத் தெரியாதவர் கிடையாது. நாங்குநேரி பிரம்மநாயகத்தின் நாலாவது மகள். களக்காட்டு இசக்கிதுரைக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தவள். இருபத்தாறு வருஷம் மிஷினில் உட்கார்ந்தும், காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. சுருக்குப்பையில் மாத்திரை எப்போதும் கிடக்கும். ஒன்றை விழுங்கிவிட்டு ஜிப் தைக்க உட்கார்ந்துவிடுவாள்.

மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் மருந்தும் முடிந்து, மூன்றாம் வருஷம் அது திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், சேருகிறாயா என்று கேட்டார்கள். அவள் ரத்தத்திலிருந்தே வெள்ளை அணுக்களைப் பிரித்து, யாரைப் பிடிக்கவேண்டும் என்று அவற்றைப் பழக்கி, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவார்களாம். புற்றின் மூல அணுக்கள், ஸ்டெம் செல் என்பார்களே, அவைதான் மருந்துக்குத் தப்பி ஒளிந்திருந்து மறுபடி வளர்கின்றன, அவற்றைத்தான் இவை தேடும் என்றார் மாதுங்காவிலிருந்து வரும் தமிழ் டாக்டரம்மா.

"கோரைப்புல்லு மாதிரின்னு சொல்லுங்க. மேல அறுத்தாப் போதாது, கிழங்கைத் தோண்டணும்."

"அதேதான். பலிக்கும்னு உறுதி சொல்ல முடியாது. அணுக்களை ஏத்தினப்புறம் பத்து நாள் இங்க இருங்க. காய்ச்சல் அடிச்சா உடனே சொல்லணும்."

ஏற்றும் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் கல்யாணில் மகள் பிரேமலதாவுக்கு ஏழாம் மாச வளைகாப்பு. மாரீஸ்வரி நாளை எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அணுக்களை ஏற்றிய நாலாம் நாள் காலையில் உடம்பு உதறியது. நர்ஸ் வருமுன் மாத்திரையை விழுங்கினாள். தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. மத்தியானமும் அப்படியே செய்தாள்.

சாயங்காலம், கூட இருந்த இசக்கிதுரையின் அக்கா மீனாட்சியம்மாள் தலையணை உறையை மாற்றினாள். மாத்திரை அட்டை கீழே விழுந்தது.

"ஏட்டி மாரி, இது என்னது?"

"தலைவலி மைனி."

மாத்திரை வேகம் இறங்கியிருந்த நேரம். மீனாட்சியம்மாள் அவள் கழுத்தில் கை வைத்தாள். "தலைவலிக்குக் கழுத்து ஏன் தோசைக்கல்லாச் சுடுது?"

"சத்தம் போடாதிய. காய்ச்சல்னா விடமாட்டாவ. பிரேமாவுக்கு மொத வளையல் நான்தான் போடணும்."

"நீ இருந்தாத்தானட்டி போடுவ!" என்றவள், "சிஸ்டர்!" என்று போட்ட கூப்பாடு அடுத்த வார்டுக்கே கேட்டிருக்கும்.

டாக்டரம்மா ஓடிவந்து திட்டினார். "அந்த அணுக்கள் வேலை செய்ய ஆரம்பிச்சாலும் காய்ச்சல் வரும்மா. மீறினா உயிருக்கே ஆபத்து. நீங்க மூடி வச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

மாரீஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "என் ரத்தம்லா? காய்ச்சலோட வேலை பாக்கத்தான் அதுக்குத் தெரியும்."

திட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஆறு நாள் யாரும் சிரிக்கவில்லை. ஆக்சிஜன் வைத்தார்கள், என்னென்னவோ மருந்து ஏற்றினார்கள். ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. வளைகாப்புக்கு வழியில்லை என்று மகளுக்குப் போன் போட்டு அழுதாள்.

"ஒம்பதாம் மாசம் வச்சுக்கிட்டாப் போச்சு. நீ இல்லாம எவ கையால வளையல் போட்டுக்கிடுவேன்? மொதல்ல அந்த மாத்திரையை எல்லாம் அத்தைகிட்டக் குடு!"

இரண்டு மாதம் கழித்துப் படம் எடுத்ததில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அடிக்கடி வந்து காட்டவேண்டும் என்றார்கள். சரி என்றாள்.

கல்யாணில் வளைகாப்பு நடந்தது. நல்ல புழுக்கம். மாரீஸ்வரிக்கு வேர்த்துக் கொட்டியது. முதல் வளையலை எடுத்து மகளின் கையைப் பிடித்தாள். மீனாட்சியம்மாள் சும்மா இருப்பாளா? அத்தனை பேர் பார்க்க எட்டி வந்து அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. போடு" என்றாள்.