வாசலுக்கு வெளியே நின்று பாடியவர்

செய்தி வந்தபோது என் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. மை விரலில் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை மாலை நம் பகுத்தறிவுப் படிப்பகத்தில் தோழர் தொம்மை பேசுவார், பொருள் ‘கடவுள் யாருக்கு வேண்டும்?’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தோணிக்காரர் ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, தொம்மையண்ணன் தவறிட்டாவ. காய்ச்சல் முத்திப்போச்சுன்னு டாக்டரு சொல்லுதாரு” என்றார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். “யாருவே சொன்னா? முந்தாநாள் கூடப் பாத்தேன், கிண்டலடிச்சிக்கிட்டுத்தான் படுத்துக் கிடந்தாரு” என்றேன். அந்த மனிதர் பாவம், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். நோட்டீஸ் கட்டு இன்னும் என் மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது. அதைக் கிழித்துப் போடவும் முடியவில்லை, கண்ணால் பார்க்கவும் முடியவில்லை.

தொம்மையை அறிந்தவர்கள் தூத்துக்குடியில் இரண்டு சாரார். கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசுகிறவராக அறிந்தவர்கள் ஒரு சாரார். பெரிய வெள்ளிக்கிழமையன்று மாதா கோயிலில் பாடுகிறவராக அறிந்தவர்கள் இன்னொரு சாரார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை ஒத்துக்கொள்ள இரண்டு சாராரும் படாத பாடு பட்டோம். நான் முதல் சாராரின் செயலாளர். இதை எழுதுவது இரண்டு சாராருக்கும் சேர்த்துத்தான்.

ஒரே கப்பல் கம்பெனியில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். அவர் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குத் தோணியில் போய், இறங்குகிற சரக்கைக் கணக்குப் பார்ப்பவர். அலைச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனார் முத்துக்குளிக்கப் போய்க் கடலுக்கடியில் மூச்சடங்கி இறந்தவர். அந்தக் கோபத்தில்தான் கடவுளை விட்டீரா என்று ஒருமுறை கேட்டேன். “கோவிச்சிக்கிட்டுப் போறதுக்குக் கடவுள் என்ன எனக்கு மாமனாரா ஓய்? யோசிச்சுப் பாத்தேன், இல்லைன்னு பட்டுது. அவ்வளவுதான்” என்றார். இவ்வளவு சாவகாசமாக நாத்திகரான வேறொருவரை நான் பார்த்ததில்லை. எங்களில் பலருக்கு அதற்காக வீட்டில் ஒரு சண்டையாவது தேவைப்பட்டது.

அவர் படிப்பகத்தில் சேர்ந்த முதல் வருஷமே வம்பு வந்துவிட்டது. பெரிய வெள்ளியன்று மாலை, அந்தக் கோயிலில் சிலுவையிலிருந்து இயேசுவின் சுரூபத்தை இறக்கி, மாதா சிலையின் முன்னால் கிடத்துவார்கள். அந்த நேரத்தில், மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா புலம்புவதாக ஒருவர் தனியாகப் பாட வேண்டும். பல வருஷமாக அதைப் பாடிவந்தவர் தொம்மை. படிப்பகத்தில் சேர்ந்த பிறகும் போய்ப் பாடினார். மறுநாள் எங்கள் தோழர் ஒருவர், களவைக் கண்ணால் கண்டவர் மாதிரி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். கூட்டம் போட்டோம். விசாரித்தது நான்.

“மூணாம் நாள் எழுந்தாருன்னு நம்புதீரா?” என்றேன்.

“இல்ல.”

“அந்தத் தாயி கன்னின்னு?”

“அதுவும் இல்ல.”

“பொறவு எதுக்கு ஓய் அங்கன போய் நின்னு பாடுதீரு?”

“செத்தாருல்லா? அத நம்புதேன். பெத்தவ அழுதான்னு நம்புதேன். பிள்ளையப் பறிகொடுத்தவ அழுகதுக்குச் சாமி என்னத்துக்கு? அது இல்லாமலே அழுகை வரும்.”

ஜனங்கள் சிரிப்பார்களே என்று ஒரு தோழர் ஆட்சேபித்தார். “நேத்துப் பூராவும் அழுதிருக்காங்க, இன்னிக்குக் கொஞ்சம் சிரிக்கட்டுமே” என்றார் தொம்மை. முடிவெடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். அடுத்த கூட்டத்தில் அதற்கடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். அவர் சாகும்வரை அந்தப் பொருள் தள்ளிக்கொண்டேதான் போயிற்று.

என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது என்று நான் கண்டிப்பாக அறிவித்திருந்த காலம். அன்று காலை வழியில் போனவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். “என்ன தங்கச்சி, பாகு வாசம் தெருவைத் தூக்குது?” என்றார். என் மனைவி செல்லக்கனி சளைத்தவள் இல்லை. “தீபாவளி கிடையாதுன்னு சொன்னவுகளுக்குத்தான் அண்ணாச்சி சுடுதேன். விடியக்காலமே எண்ணெ தேய்ச்சுக் குளிச்சிட்டு, அடுக்களை வாசல்ல வந்து வந்து நிக்காவ” என்றாள். எண்ணெய்க் குளியல் உடம்புக்கு நல்லது என்று நான் விளக்கினேன். தொம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நீரு நாக்குல ரசிக்கீரு, நான் காதுல ரசிக்கேன். உமக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா ஓய் பெருமாளு?” என்றார். என் பெயர் பெருமாள் என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு கொண்டாட்டம். நாலு அதிரசத்தைத் தின்றுவிட்டுப் போனார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு தாம்பாளம் நிறைய அச்சு முறுக்கு வந்தது. பாலன் பிறந்த பாட்டு ஒன்றை எங்கள் முற்றத்தில் நின்று முழுதாகப் பாடிவிட்டுத்தான் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு மாதம் பேசினார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது கோயிலுக்குப் புதிதாக ஒரு பங்குச் சாமியார் வந்தார். பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்காதவர் கோயிலுக்குள் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் நிலையில் அது நியாயம்தான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த வருஷம் பாட்டு இல்லாமலே சுரூபத்தை இறக்கினார்கள். சடங்கு முடிந்தது. பெண்கள் எழுந்திருக்கவில்லை. முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் சொல்லிப் பார்த்தார். ‘இன்னும் மாதா அழவே இல்லையே’ என்றாளாம் ஒருத்தி. மறுவருஷம் சாமியாரே தொம்மைக்கு ஆள் அனுப்பினார். விசுவாசம் இருப்பதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டாராம். “பொய் சொல்லிட்டு உள்ள நின்னு பாடவா சாமி, நெசத்தச் சொல்லிட்டு வெளிய நின்னு பாடவா? நீங்களே சொல்லுங்க” என்று இவர் கேட்டிருக்கிறார். அதிலிருந்து வாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றுதான் பாடினார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் கேட்டார்கள்.

அப்படியொரு பெரிய வெள்ளி மாலையில் நானும் போனேன். வேவு பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எதிர்ச் சாரியில் ஒரு சோடாக்கடை நிழலில் நின்றேன். அவர் கண்ணை மூடவில்லை, கையைக் கூப்பவில்லை, சும்மா நின்று பாடினார்.

தச்சன் வீட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் செய்ய மரமில்லை,
சிலுவை செய்ய மாத்திரம் மரமிருந்ததோ மகனே.

இந்த இரண்டு வரிதான் எனக்குப் புரிந்தது. அதற்குமேல் உள்ளேயிருந்து எழுந்த அழுகையில் ஒன்றும் கேட்கவில்லை. என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடாக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

திரும்புகிற வழியில் தொம்மையின் வீட்டில் அவர் தாயார் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளாத மகனும் தாயுமாக இருந்த வீடு அது. ஊரே கோயிலில் இருக்கிறதே, நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன். “காலம்பற சிலுவைப் பாதைச் செபத்துக்குப் போயிட்டு வந்துட்டேன் ராசா. இதுக்குப் போவமாட்டேன். உசுரோட இருக்க பிள்ள வாயால, செத்த பிள்ளைக்குப் பாடுத பாட்ட எந்தத் தாயி கேப்பா? அபசகுனமில்லா?” என்றார்கள். அந்தப் பாட்டை அவர்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீட்டில் தொம்மை அதை முணுமுணுக்கவும் விடமாட்டார்கள். “இந்த ஊர்லயே என் பாட்டுக்கு அழாத பொம்பள எங்கம்மா ஒருத்திதான்” என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

அவர் இறந்த அன்று மத்தியானம் அந்த வீட்டில் நாங்கள் கூடினோம். கோயில் கல்லறையில் இடமில்லை, மணியடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முனிசிபாலிட்டி இடுகாட்டில் குழி வெட்டச் சொல்லியிருந்தோம். கோயில்காரர்கள் தெருமுனை வரை வந்து, அதற்குமேல் வராமல் கூட்டமாக நின்றார்கள். வீட்டுக்குள் நாங்கள் நின்றோம். ‘என் பிணத்துமேல ஒரு செபமும் வேண்டாம்’ என்று அவர் எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறார். அதைக் காப்பாற்ற வேண்டியது செயலாளராகிய என் பொறுப்பு. நானும் அதில் விறைப்பாகத்தான் இருந்தேன்.

தாயார் என்னைக் கூப்பிட்டார்கள். அழுது ஓய்ந்த குரல். “ராசா, நீ அவன் கூட்டாளிதான? அந்தப் பாட்ட யாரையாவது ஒருக்கா பாடச் சொல்லு. ஊரு பூரா கேட்டிருக்கு, நான் கேக்கலியே. இனிமே எனக்கு என்ன பயம்? பாடச் சொல்லு, கேக்கேன்.”

“அதுவும் செபந்தானே?” என்று ஓர் இளம் தோழர் என் காதில் கேட்டார். “பாட்டு” என்றேன். இத்தனை வருஷம் தள்ளிவைத்த பொருள் அந்த ஒரு சொல்லில் முடிந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பைக் கேட்டு என்னை ஒரு வாரம் வாட்டியிருப்பார்.

தெருமுனைக்கு நானே போனேன். உபதேசியாரைக் கையைப் பிடித்துக் கேட்டேன். “சாமியாரு கோவிச்சாலும் கோவிக்கட்டும், பாடலாம்யா” என்றார் அவர். “ஆனா யாருக்குத் தெரியும்? அவரு வாயத் தொறந்ததும் நாங்க அழ ஆரம்பிச்சிருவோம். வரிய யாரு கவனிச்சா?” இருந்தாலும் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஒருத்தி தொடங்கினாள், ராகம் வேறெங்கோ போயிற்று, நிறுத்திவிட்டாள். இன்னொருத்திக்கு நடுவில் ஒரு துண்டு தெரிந்தது, முன்னும் தெரியவில்லை, பின்னும் தெரியவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். தாயார் மட்டும் அழாமல், மகன் தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். அந்தப் பாட்டை முழுதாக அறிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அவரைத்தான் கிடத்தியிருந்தோம்.

எனக்கு அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியவில்லை. எனக்குப் பாட வராது. மேடையில் உரக்கப் பேசத்தான் வரும். பாயில் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த இரண்டு வரியைப் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னேன். தச்சன் வீட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் செய்ய மரமில்லை, சிலுவை செய்ய மாத்திரம் மரமிருந்ததோ மகனே.

அவர்கள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள்.

“இவ்வளவுதானா ராசா? இதுக்கா ஊரு பூரா அழுதுச்சி?”

கடவுள் இல்லை என்பதற்கு யார் கேட்டாலும் எந்த நேரமும் என்னிடம் பதில் உண்டு. அன்று பாயின் ஓரக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். குழி தயார் என்று ஆள் வந்தது, தூக்கினோம்.

நண்பர்களே, என் கொள்கையில் ஒன்றும் மாறிவிடவில்லை. தொம்மைக்கும் மாறவில்லை, அவர் கடைசிவரை எங்கள் ஆள்தான். அதைப் பற்றி யாரும் கதை கட்ட வேண்டாம். நம்பாதவன் அந்தப் பாட்டை ரசிக்கலாமா கூடாதா என்று இனி படிப்பகத்தில் விவாதிக்கவும் வேண்டாம். ரசிப்பதற்குப் பாட்டு எங்கே இருக்கிறது?

போன வாரம் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வரப் போயிருந்தேன். எழுந்து கிளம்பும்போது, “அவன் பாடுனா வேற மாதிரி இருக்குமோ?” என்று கேட்டார்கள்.

“ஆமாம்மா, வேற மாதிரி இருக்கும்” என்றேன்.

தொம்மையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ராகமில்லாத அந்த இரண்டு வரிதான். அதை வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கேட்க வேண்டியவர்களிடம் ஒருமுறை சொல்லியாகிவிட்டது.