பூட்டிய கதவின் முன் ஒரு மணி நேரம்

ஓட்டக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பாட்டில் அக்கா. பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தவள். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலகத்தில் மாதிரி எடுக்கும் வேலைக்கு வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வீராங்கனையின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவள் சிறுநீர் கழிப்பதைக் கூடவே நின்று பார்க்க வேண்டும். பிறகு அவள் கையாலேயே அதை இரண்டு பாட்டில்களில் ஊற்றி மூடச் சொல்ல வேண்டும்.

"அவனவன் விடிஞ்சதும் நல்ல முகத்துல முழிக்கணும்னு பாப்பான். உன் முகத்துல முழிச்சா பாத்ரூமுக்குத்தான் போகணும்" என்று அவள் கணவர் கிண்டல் செய்வார்.

மாரத்தான் ஓடும் அந்தப் பெண்ணை முதலில் சோதித்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் ஆள் நின்றால் அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர் வராது. தண்ணீரைக் குடித்துக் குடித்து இரண்டரை மணி நேரம் போனது. வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?"

"கிடைச்சா நான் ஏன்மா இங்க வர்றேன்?"

மூவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அந்தப் பெண்ணின் கூச்சம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆறு வருடத்தில் இருபது தடவைக்கு மேல் சோதனை நடந்தது. ஒன்றில்கூட ஒரு குறையும் இல்லை.

மாதம் ஒருமுறை இளம் ஓட்டக்காரர்களுக்கு வகுப்பெடுப்பதும் பாட்டில் அக்காதான். "சளி மாத்திரையா இருந்தாலும் கேட்டுட்டுப் போடுங்க. தெரிஞ்ச அண்ணன் குடுத்த பவுடர்னு சொல்லித் தப்பிக்க முடியாது. தினமும் ஒரு மணி நேரம் எங்க இருப்பீங்கன்னு போன்ல பதிஞ்சு வைக்கணும். அந்த நேரத்துல அங்க இல்லேன்னா ஒரு தப்பு. வருஷத்துக்குள்ள மூணு சேந்தா, மருந்து சாப்பிட்டவங்களுக்கு என்னவோ அதேதான் உங்களுக்கும்."

அந்தப் பெண்ணின் கணக்கில் அந்த வருடம் இரண்டு தப்பு விழுந்திருந்தது. ஒருமுறை ரயில் தாமதம். இன்னொருமுறை பயிற்சி முகாமுக்குப் போனவள் விலாசத்தை மாற்ற மறந்துவிட்டாள். "இனிமே எறும்பு மாதிரி கவனமா இருப்பேன்கா" என்று அவளே சொன்னாள். உலகப் போட்டிக்கு நான்கு மாதம் இருந்தது. வயது முப்பத்து நான்கு. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் பெண் பதிந்து வைத்திருந்தபடி காலை ஐந்தரைக்குப் பாட்டில் அக்கா போய் அழைப்புமணியை அழுத்தினாள். கதவு பூட்டியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினாள். மூன்றாவது தடவை தட்டியபோது எதிர்வீட்டம்மா வெளியே வந்தார்.

"விஷயம் தெரியாதா? நாலு மணிக்கு அவங்கம்மா பேச்சு மூச்சில்லாம விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. பெரிய ஆஸ்பத்திரிதான், பத்து நிமிஷ தூரம்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடலாமா என்றிருந்தது. ஆனால் குறித்த இடத்தைவிட்டு அந்த ஒரு மணி நேரம் நகரக்கூடாது என்பது உத்தரவு. போன் செய்வதானாலும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் செய்யலாம். முள்ளின் மேல் நிற்பதுபோல நின்றாள். ஆறு இருபத்தைந்துக்கு எண்ணைப் போட்டாள்.

போன் வீட்டுக்குள்ளேயே அடித்தது. அவசரத்தில் அந்தப் பெண் அதை விட்டுவிட்டுப் போயிருந்தாள். அது அடித்து ஓயும்வரை பாட்டில் அக்கா கதவில் காது வைத்துக் கேட்டாள். மறுபடியும் போட்டாள், மறுபடியும் அடித்து ஓய்ந்தது. ஆறரைக்குப் படிவத்தில் "ஆள் இல்லை" என்று எழுதினாள். கீழே எதிர்வீட்டம்மா சொன்னதையும் போன் உள்ளே அடித்ததையும் ஒரு வரி விடாமல் எழுதினாள். அன்று மத்தியானம் அந்தப் பெண்ணின் அம்மா இறந்துபோனார்.

விசாரணைக் குழு இரக்கமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. மூன்றாவது தப்பை மன்னிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த சித்தி மகனிடம் போன் இருந்தது, அதிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். "அம்மா வாயில நுரை வந்துக்கிட்டிருந்துச்சு சார், எனக்கு ஞாபகம் வரல" என்றாள் அந்தப் பெண். இரண்டு வருடத் தடையை ஒரு வருடமாகக் குறைத்தார்கள். உலகப் போட்டி போனது. செய்தியில் 'ஊக்கமருந்து விதிமீறல்' என்று வந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று பேச ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

விசாரணை முடிந்த அன்று, அறைக்கு வெளியே நடையில் அவளும் பாட்டில் அக்காவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் எல்லாத்தையும் எழுதினேன்மா. ஒண்ணையும் மறைக்கல."

"தெரியும்கா. வாசிச்சாங்க. ஆள் இல்லாத வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் நின்னீங்க. அந்த நேரம் ஆஸ்பத்திரில நான் என்ன செய்யுறதுன்னு தெரியாம நின்னேன். அங்க வந்திருக்கலாமேக்கா. டெஸ்டுக்குன்னு சொல்லல. நீங்க நர்ஸ்தானே."

அந்தப் பெண் அதற்குமேல் நிற்கவில்லை.

சில மாதம் கழித்து வகுப்பில் இந்த வழக்கை உதாரணமாகக் காட்டச் சொல்லி அலுவலகம் படங்கள் அனுப்பியது. அவள் காட்டினாள். முன்வரிசையில் ஒரு பெண், "ஒரு மெசேஜ் போடத் தெரியலையா அவங்களுக்கு?" என்றாள். வகுப்பே சிரித்தது. பாட்டில் அக்கா மிச்சப் படங்களை ஓட்டாமல் இயந்திரத்தை அணைத்தாள். "உங்கம்மா விழுந்த அன்னிக்குத் தெரியும்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். மறுவாரம், வீடுகளுக்குப் போகமாட்டேன், மைதானத்தில் மட்டும் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள்.

தடை முடிகிற மாதத்தில் அந்தப் பெண்ணின் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. ஓட்டத்திலிருந்து விலகுகிறேன் என்று ஒரு வரி. அடுத்த வரி: 'இனி நான் எங்கே இருப்பேன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.' கோப்பில் வைக்கச் சொல்லிப் பாட்டில் அக்காவிடம்தான் அதைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவளிடம் கணவர், "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார்.

"அந்தப் பொண்ணு ஓட்டத்தை விட்டுட்டா."

அவர் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஆறிப்போகும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.