ராமாமணி அக்கா வண்டி ஏறிய ஆடிப் பதினெட்டு

எங்கள் வீட்டில் யாராவது, "ஒரு நாள் எங்காவது போய்வரலாமே" என்று சொன்னால், எல்லோருடைய முகமும் ராமாமணி அக்காவின் பக்கம் திரும்பும். எங்கே போவது என்பதை அக்காவின் கணவர் வரதராஜுலு முடிவு செய்வார். அவர் என் கணவருக்கு அண்ணன். பாவா என்று கூப்பிடுவோம். என்ன கொண்டுபோவது, எதை எப்படிக் கட்டுவது, வண்டியில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. வண்டி புறப்படும்போது அக்கா மட்டும் அதில் இருக்க மாட்டார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கையசைப்பார்.

அக்காவுக்கு வண்டி ஆகாது. பஸ், கார், ரயில், எதில் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். கல்யாணமான புதிதில் பழனிக்குக் கூட்டிப்போய், கொண்டுபோன புதுத் துண்டுகள் அத்தனையும் பாழானதைப் பாவா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் கூடவே சிரிப்பார். அதன்பிறகு பீளமேட்டை விட்டு அவர் எங்கும் போனதில்லை.

அக்கா காலமானபின் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவருடைய கைப்பக்குவத்தைத்தான் பேசினார்கள். அது உண்மைதான். ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது தொண்ணூற்றேழாம் வருஷத்து ஆடிப் பதினெட்டு. அதை எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோயம்புத்தூர்த் தமிழ் பாதிக்கு மேல் கலந்த தெலுங்கு. இங்கே எல்லோரையும் தமிழிலேயே பேச வைத்திருக்கிறேன்.

அக்கா சாப்பாடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். புளிக்காய்ச்சல் இரண்டு நாள் முந்தியே தயாராகி ஜாடியில் இருக்கும். தயிர்சாதத்தில் தயிர் பேருக்குத்தான், மீதியெல்லாம் பால். மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். வாழையிலையை அடுப்பில் லேசாக வாட்டி, ஈரத் துணியில் சுருட்டி வைப்பார். கடைசியில் வேண்டியது முதலில் வண்டிக்குள் போகும். போய் இறங்கியதும் விரிக்க வேண்டிய பவானி ஜமக்காளம் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும்.

ஆட்களையும் அப்படித்தான் அடுக்குவார். பாவாவின் மோட்டார் பட்டறைக்கு ஒரு மெட்டடோர் வேன் இருந்தது. முதல் நாள் சாயங்காலமே அதைக் கழுவச் சொல்லி, யார் எங்கே உட்கார வேண்டும் என்று யோசித்து, அவரவர் துண்டை அவரவர் இடத்தில் போட்டுவிடுவார். சண்டை போடுகிற பிள்ளைகள் அடுத்தடுத்து வராது. கால்வலிக்காரர் படிக்குப் பக்கத்தில். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் மட்டும் யாருடைய துண்டும் விழாது. வேனிலேயே ஆட்டம் குறைவான இடம் அதுதான். அங்கே சாதக் குண்டாக்கள் இரண்டும் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருக்கும்.

"அந்த எடத்துல வெச்சா தயிர்சாதம் அலுங்காது கண்ணு" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அமராவதி அணைக்குப் போகலாம், தண்ணீர் நிறைய நிற்கிறதாம் என்றார் பாவா. காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த அக்கா சாதாரணமாகச் சொன்னார்:

"அப்ப நானும் வாரனுங்க."

பாவா சிரித்தார். "கிணத்துக்கடவு தாண்ட மாட்டே அம்மணி."

"தாண்டாட்டி அங்க எறங்கி பஸ்ஸுல வந்துபோடறேன்."

"பஸ்ஸும் ஓடத்தான செய்யும்? நின்ன எடத்துலயே நிக்குமா?"

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே சொல்கிறார் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்த அணை கட்டும்போது அக்காவின் அப்பா அங்கே கல்வேலை மேஸ்திரி. குடும்பம் மொத்தமும் தகரக் கொட்டகையில் இருந்தது. கட்டி முடிப்பதற்குள் அவருக்குக் கோயம்புத்தூரில் மில் கட்டடத்து வேலை கிடைத்துவிட, சாமான்களோடு இங்கே வந்துவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும்.

"கல்லும் மண்ணுமாத்தான் பாத்திருக்கறேன். அதுல தண்ணி நின்னு ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க. எங்கப்பனும் பாக்காமயே போய்ச் சேந்துட்டாரு" என்றார்.

அதற்கு மேல் யாரும் கேலி செய்யவில்லை.

அடுத்த நாளிலிருந்து அக்கா வண்டி ஏறிப் பழக ஆரம்பித்தார். பட்டறை டிரைவர் சுப்பண்ணன் சாயங்காலம் லாரி ஆபீசுக்குப் பம்புசெட் ஏற்றிப்போகும்போது, முன் சீட்டில் கையில் எலுமிச்சம்பழத்தோடு அக்காவும் போவார். துணைக்கு நான். முதல் நாள் ஹோப் காலேஜ் வருவதற்குள் வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது. அப்புறம் மெல்ல மெல்லத் தூரம் கூடியது. சுப்பண்ணன் திரும்பி வந்ததும் பட்டறை வாசலிலேயே செய்தி சொல்லிவிடுவார்.

"ஏனுங்க மொதலாளி, இன்னிக்குச் சிங்காநல்லூர் வரைக்கும் அம்மா தாங்கிப்போட்டாங்க. வாரப்பத்தான் சித்த கலக்கீருச்சு."

"நீ குழி பாத்து ஓட்டுனயா?"

"குழி பாத்து ஓட்டுனா ரோடே இல்லீங்க."

டாக்டர் வாந்திக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் வராது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அக்கா இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் வேனை அடுக்கினார். நான் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். பட்டறை ஆட்களின் குடும்பங்களும் வருவதால் கூட்டம் அதிகம். அக்கா உள்ளே ஏறி இறங்கி, துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒருவழியாகத் திருப்தியாகி இறங்கினார். விடிவதற்கு முன்பே எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் முடித்து, தன் கையாலேயே குண்டாக்களைக் கயிறு போட்டுக் கட்டினார். பிறகு குளித்து, மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலை கட்டி, மாத்திரை போட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழத்தோடு வெளியே வந்தார்.

வேனில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் துண்டின் மேல். அக்கா படியில் ஒரு காலை வைத்து உள்ளே பார்த்தார். பார்வை ஒவ்வொரு சீட்டாகப் போய்த் திரும்பி வந்தது. முன் சீட்டு உட்பட எங்கும் இடம் இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே மடிமேல் மடியாக இருந்தார்கள்.

"ஐயோ கண்ணு" என்று என்னைப் பார்த்தார். "என்னைய வெக்க மறந்துபோட்டேன்."

இத்தனை வருஷப் பழக்கம். அவருடைய கணக்கில் அவர் எப்போதும் கேட்டருகில் நிற்கிற ஆள்தான். அந்தக் கை அப்படியே அடுக்கிவிட்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும்கூட அது தோன்றவில்லை.

நான் எழுந்தேன். பட்டறை ஆட்களில் இரண்டு பேரும் எழுந்தார்கள். அக்கா எல்லோரையும் கையமர்த்தினார். பாவா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"அடுத்த வருஷம் உனக்குன்னு காரே எடுத்துட்டுப் போலாம் அம்மணி. அணை எங்க போயிரப்போகுது?"

அக்காவின் கால் படியிலிருந்து இறங்கிவிட்டது. கேட் பக்கம் இரண்டடி வைத்ததுகூட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு அப்படியே நின்றார். திரும்பி வந்து, டிரைவருக்குப் பின்னால் இருந்த குண்டாக்களைக் காட்டினார்.

"சுப்பண்ணா, இது ரெண்டையும் எறக்கிப்போடு."

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"அப்ப மத்தியானச் சோத்துக்கு?" என்றார் பாவா.

"ஊரு ஒலகத்துல எல்லாரும் சோத்தக் கட்டிட்டேவா போறாங்க?"

"இத்தன சோத்த என்ன பண்றது?"

"ராசப்பன் இருக்காருல்ல. வீதில எல்லாருக்கும் குடுக்கச் சொல்லுங்க. ஆடி நோம்பிதான, திம்பாங்க."

பட்டறைக் காவலாளி ராசப்பன் ஒன்றும் விளங்காமல் குண்டாக்களை வாங்கி வாசலில் வைத்தார். புளிசாதத்தின் வாசனை வேன் முழுக்க இருந்தது. பின் சீட்டில் ஒரு பையன், "அந்தச் சின்னக் குண்டாவாவது…" என்று ஆரம்பித்தான். அவனுடைய அம்மா தொடையில் கிள்ளினாள். அக்கா அந்தச் சீட்டில் பேப்பரை விரித்து, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கேட்டில் கையசைக்க யாரும் நிற்காமல் அன்றைக்குத்தான் எங்கள் வண்டி முதன்முதலாகப் புறப்பட்டது.

கிணத்துக்கடவு தாண்டியது. ஊர் எல்லையைக் கடந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்காவும் லேசாகச் சிரித்தார். தட்டி முடிப்பதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அங்கே ஒரு தடவை. பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு தடவை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இறங்கியபோது அக்காவால் நிற்க முடியவில்லை. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். முகமெல்லாம் வேர்த்து, பொட்டு கலைந்திருந்தது.

பாவா தண்ணீர்க் கூஜாவோடு வந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. "போதும் அம்மணி. திரும்பிரலாம்."

அக்கா வாய் கொப்பளித்தார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"திரும்புனாலும் வாந்திதானுங்க, போனாலும் வாந்திதானுங்க. போனா அணையாச்சும் இருக்குது."

சுப்பண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். பாவா வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார்.

உடுமலைப்பேட்டையில் ஓட்டல்களில் நோம்பிக் கூட்டம். சாப்பாடு தீர்ந்துவிட்டது என்றார்கள். பசியோடுதான் அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா யாருக்கும் காத்திராமல் படிகளில் ஏறினார். கையைப் பிடிக்கப் போன என்னையும் வேண்டாம் என்றுவிட்டார். மேலே போய்ச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார்.

தண்ணீர் மலையடிவாரம் வரைக்கும் நின்றது. காற்றில் சின்னச் சின்னதாக மடிந்து வந்து கல்லில் மோதியது. கொட்டகை இருந்த இடம் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "எல்லாமே மாறிக் கெடக்குது" என்றார். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சுவரின் கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

கீழே மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அன்றைய மத்தியானச் சாப்பாடு எங்கள் எல்லோருக்கும் அந்த மீன்தான். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பாவா தன் பங்கைக்கூடத் தொடாமல், இலையில் இரண்டு துண்டு மீனை வைத்து மேலே எடுத்து வந்தார். அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். எதற்கும் அவசரப்படுகிற மனிதர், அன்று மணி பார்க்கவில்லை.

"பசிக்குமே உனக்கு" என்றார். பிறகு கையிலிருந்த இலையைத் தானே சந்தேகமாகப் பார்த்தார். "இதத் தின்னா திரும்பறப்ப…"

"திரும்பறதத் திரும்பறப்பப் பாத்துக்கலாங்க" என்றார் அக்கா.

இலையை வாங்கிச் சுவரின் மேல் வைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, கடைசித் துணுக்கு வரை நிதானமாகச் சாப்பிட்டார்.