அடிமட்டக் கோடு

அமெரிக்காவில் உள்ள ஒரு சின்ன ஊரைப் பற்றி மகள் பள்ளிக்கூடத்துக்கு போஸ்டர் செய்துகொண்டிருந்தாள். ரயில் வந்த கதை, மூடிப்போன மாவு ஆலை, கீழே பெரிய எழுத்தில் சனத்தொகை. எதிர்க் கதிரையில் என் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது ஓல்ட் நம்பர். புதுக் கணக்கில ஒராள் குறைவு," என்று சிவப்பு மார்க்கரைத் திறந்தாள்.

சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் சனத்தொகை எழுதித் தொங்கியது. வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிக் கதவுக்குப் பின்னால் மாட்டவேண்டும். சோதனைக்கு வரும் ஆமிக்காரர் அதை வாசித்துத் தலைகளை எண்ணுவார்கள். அப்பாவின் உருண்டைக் கையெழுத்தில் ஐந்து பெயர்கள். மூன்றாவது, அண்ணா.

ஒருநாள் பின்னேரம் சைக்கிளில் போன அண்ணா திரும்பவில்லை. மறுநாள் விடிய, அம்மா வாசல் படலையடியிலேயே நின்றாள். அப்பா அவனைத் தேடிப் போகவில்லை. பட்டியலைக் கழற்றி, அடிமட்டம் வைத்து, அவன் பெயரின் மேல் நேராகச் சிவப்புக் கோடு கீறினார்.

"எண்ணிக்கை சரியா இருக்கோணும். இல்லாட்டி மிச்ச ஆக்களுக்கும் கரைச்சல்."

அவர் சொன்னது சரிதான். எங்களை ஒருவரும் தொடவில்லை. ஆனால் அந்தக் கோடு ஒரு இடத்திலும் நடுங்கவில்லை, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சாகும்வரை அம்மா அவருக்குச் சோறு போட்டாள். ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

மகள் பழைய எண்ணைக் கிறுக்கி அழிக்கப் போனாள். அப்பா மேசையில் கிடந்த அடிமட்டத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இதை வைச்சுக் கீறு பிள்ளை. வடிவாயிருக்கும்."